நாலாவது தட்டுக்குப் பிறகு

தனிக்குரல்கள் - 11

போன வாரம் 1967 மே மாதத்தில் நின்றிருந்தோம். வாக்கர் பிரதர்ஸ் பாப் குழு கலைந்துவிட்டது. பெயரில்தான் பிரதர்ஸ், மூவரும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். வாக்கர் என்பது அவர்களில் யாருக்கும் பிறப்பில் வந்த பெயர் இல்லை. பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்த அவர்களுடைய இரண்டு பாட்டுகளும் அடுத்தவர் எழுதியவை. கடைசிச் சுற்றுப்பயணத்தில் அவர்களோடு ஒரே மேடையில் பாட வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் அரங்கில் முதல் தடவையாகத் தன் கிதாருக்குத் தீ வைத்தார். ராக் இசையின் வரலாறு அந்தப் பக்கமாகத் திரும்பிப் போனது. அதே மேடையில் கோட்டு சூட்டோடு நின்று காதல் சோகம் பாடிக்கொண்டிருந்த 24 வயது அமெரிக்கர் எந்தப் பக்கம் போவார் என்று அன்று கேட்டிருந்தால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்: இரவு விடுதிகள், தொலைக்காட்சி, வயதானபின் லாஸ் வேகாஸ்.

ஓஹையோ மாநிலத்து ஹாமில்டனில் 1943இல் பிறந்த நோயல் ஸ்காட் எங்கல் என்கிற ஸ்காட் வாக்கருக்கு அந்தப் பாதை எளிதாகவே திறந்திருந்தது. குரல் அப்படி. அடிவயிற்றிலிருந்து எழுந்து, அசையாமல் நின்று, கடைசியில் மெல்ல அதிரும் பாரிடோன். ஃபிலிப்ஸ் கம்பெனியின் தயாரிப்பாளர் ஜானி ஃப்ரான்ஸ் அந்தக் குரலின் விலை தெரிந்தவர். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டையும் ஷெர்லி பாஸ்ஸியையும் பதிவு செய்த கை. பெரிய வாத்தியக் குழு, நல்ல மெட்டு, நடுவில் இந்தக் குரல். அவர் வைத்திருந்த சூத்திரம் அவ்வளவுதான். அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

1967 செப்டம்பரில் 'ஸ்காட்' வந்தது. விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம். மேலோட்டமாகக் கேட்டால் சூத்திரம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் ஸ்காட்டே எழுதிய பாட்டுகள் மூன்று உண்டு. அவற்றில் 'மான்டேகு டெரஸ்' என்பது ஒரு மலிவான வாடகைக் குடியிருப்பைப் பற்றியது. மாடியில் ஒருவர், பக்கத்து அறையில் ஒருத்தி, நடுவில் மெல்லிய சுவர். வயலின்களும் எக்காளங்களும் அரண்மனைக்குரிய ஆர்ப்பாட்டத்தோடு முழங்க, வரிகள் ஒண்டுக்குடித்தனத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பொருத்தமின்மை தற்செயலாக வந்ததில்லை என்று பிற்பாடுதான் புரியும்.

அந்தத் தட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது: ழாக் ப்ரெல். பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் பாடிய ப்ரெல், காதலைவிட அவமானத்தைப் பற்றி அதிகம் எழுதியவர். வியர்வை வழியப் பாடுவார். லண்டனில் ஸ்காட்டுக்குப் பழக்கமான ஒரு ஜெர்மன் பெண்தான் ப்ரெல்லின் தட்டுகளைக் கேட்கவைத்து வரிகளுக்குப் பொருளும் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் மார்ட் ஷூமன் செய்த ஆங்கில வடிவங்கள் ரோலிங் ஸ்டோன்ஸின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம் வழியாக அவர் கைக்கு வந்தன. ஷூமன் லேசுப்பட்டவர் இல்லை. எல்விஸ் பிரஸ்லிக்கு 'விவா லாஸ் வேகாஸ்' எழுதிய இருவரில் ஒருவர். அவருடைய ப்ரெல் பாட்டுகள் நியூயார்க் நாடக மேடைக்கு வந்தது 1968 ஜனவரியில். அதற்கு முன்பே ஸ்காட் பாடி முடித்திருந்தார். முதல் மூன்று தனித்தட்டுகளிலும் தட்டுக்கு மூன்றாக ஒன்பது ப்ரெல் பாட்டுகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்டின் தட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடச் சிறுமிகள். அவர் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்தவர்கள். அவர்களுக்கு அவர் பாடிக்காட்டியது ராணுவ விபசார விடுதி வாசலில் வரிசையில் நிற்கும் இளம் சிப்பாயின் கதை. ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் குடித்துக் கிடக்கும் மாலுமிகளின் கதை. 'ஜாக்கி' என்ற பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. ஆனாலும் அது பட்டியலில் 22ஆம் இடம் வரை ஏறியது. 1968 வசந்தத்தில் வந்த 'ஸ்காட் 2' முதலிடத்துக்கே போனது. அந்தத் தட்டின் உறையிலேயே, இது ஒரு சோம்பேறியின் வேலை, இனிமேல்தான் கவனமாக உழைக்க வேண்டும் என்கிற பொருளில் ஸ்காட் தன்னைத் தானே குட்டிக்கொண்டிருக்கிறார். முதலிடம் பிடித்த தட்டின் முதுகில் பாடகரே எழுதவைத்த கண்டனம். தன்னடக்கம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது நோட்டீஸாகப் படுகிறது.

நோட்டீஸ் கொடுத்தபடியே செய்தார். 1969 மார்ச்சில் வந்த 'ஸ்காட் 3'இல் பதின்மூன்று பாட்டுகள், பத்து அவருடையவை. மூன்று ப்ரெல் பாட்டுகளும் கடைசியில், விருந்து முடிந்தபின் வெற்றிலைத் தட்டு வருவதுபோல வருகின்றன. நடுவில் முழுக்க அவர் உலகம். வயதாகிப்போன ஒருத்தி, திருமணமாகாமல் தாயோடு காலம் தள்ளுகிற இன்னொருத்தி, மழை பார்த்தபடி பழசை நினைக்கிற ஒருவன். தாளக்கருவிகள் மிகக் குறைவு. பாட்டுகள் நகர்வதே இல்லையோ என்று தோன்றும்.

முதல் பாட்டான 'இட்ஸ் ரெய்னிங் டுடே' தொடங்கும்போது வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்களை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மெட்டு இனிமையானது, அதன் பின்னால் இந்த உறுத்தல் பாட்டு முழுக்க ஓடுகிறது. பல்வலியோடு சிரிக்கிற முகம் அந்தப் பாட்டுக்கு. இதை எழுதியமைத்தவர் வாலி ஸ்டாட். பிபிசி வானொலியின் 'கூன் ஷோ' நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் இசையமைத்தவர். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஆஞ்செலா மார்லி என்ற பெண்ணாக வாழ்ந்து, 'வாட்டர்ஷிப் டவுன்' படத்துக்கு இசை எழுதி, இரண்டு தடவை ஆஸ்கர் பரிந்துரை பெற்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் எம்மி விருதுகளும் வாங்கியவர். ஸ்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது அநியாயம். பாடகர் மனத்தில் இருந்த மேகத்துக்கு வயலின் பாஷையில் உருவம் கொடுத்த கை இவருடையது.

ஸ்காட்டின் வாழ்க்கையை இரண்டாக வெட்டிச் சொல்வது வழக்கம். முன்பாதி அழகன், காதல் பாடகன். பின்பாதி புரியாத ஓசைகளின் துறவி. நடுவில் ஏதோ ஒரு மனமாற்றம் நடந்ததாம். நான் அதை ஏற்பதில்லை. அந்த மழைப் பாட்டின் உறுத்தல்தான் 2006இலும் 2012இலும் கேட்கிறது. அறுபதுகளில் அதன்மேல் ஒரு பட்டுத் துணி போர்த்தியிருந்தது. அவர் பின்னாளில் செய்த வேலையெல்லாம் அந்தத் துணியை ஒவ்வொரு முனையாக உருவியதுதான்.

துணி உருவிய முதல் முயற்சிக்குக் கிடைத்த கூலி பெரிது. 1969 நவம்பரில் வந்த 'ஸ்காட் 4'இல் பத்துப் பாட்டுகளும் அவரே எழுதியவை. முதல் பாட்டு இங்மார் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' படத்துக் கதை: கொள்ளைநோய்க் காலத்தில் சாவோடு சதுரங்கம் ஆடும் வீரன். இன்னொரு பாட்டு, சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் புகுந்த 1968ஐப் பற்றியது. கிழவர் ஸ்டாலின் திரும்பி வந்துவிட்டார் என்கிறது. உறையில் ஆல்பேர் காம்யுவின் மேற்கோள். பாடகர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது நோயல் ஸ்காட் எங்கல்.

தட்டு பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் மாற்றம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். கடையில் 'வாக்கர்' வரிசையில் தேடிய பெண்ணுக்குக் கிடைத்திருக்காது, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டில் அவருடைய மூன்றாவது தட்டு இது என்பதையும் பார்க்க வேண்டும். பிபிசி அவரை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் நடத்தியது. அதில் பாடிய பழைய மெல்லிசைகளைத் திரட்டி ஃபிலிப்ஸ் கோடையில் ஒரு தட்டுப் போட்டது. அது ஏழாம் இடம் வந்தது. ஆக 1969இல் ரசிகர்கள் முன்னால் மூன்று ஸ்காட்கள் நின்றார்கள். மாலை நேரத்து மென்மையானவரை எடுத்துக்கொண்டு, பெர்க்மன் பற்றிப் பாடியவரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இன்று 'ஸ்காட் 4' எல்லாச் சிறந்த தட்டுகள் பட்டியலிலும் இருக்கிறது. நான் அதற்கு 'ஸ்காட் 3'க்கு அடுத்த இடம்தான் கொடுப்பேன். நாலில் பாஸ் கிதாரும் டிரம்ஸும் வந்து பாட்டுகள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. கேட்க எளிது, அதனால் கொண்டாடுவதும் எளிது.

பிறகு நடந்தது ஒரு சரிவு. அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1970 கடைசியில் வந்த 'டில் த பேண்ட் கம்ஸ் இன்' தட்டில் முதல் பத்துப் பாட்டுகள் அவருடையவை, கடைசி ஐந்தும் இரவல். அந்த ஐந்தோடு எழுத்தே நின்றுவிடுகிறது. 1972 முதல் 1974 வரை நாலு தட்டுகள். ஃபிலிப்ஸில் இரண்டு, சிபிஎஸ்ஸில் இரண்டு. சினிமாப் பாட்டு, நாட்டுப்புற அமெரிக்கப் பாட்டு, யாரோ எழுதிய பாட்டு. அவருடைய சொந்த வரி ஒன்றுகூட இல்லை. குரல் மட்டும் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. குடியும் அந்த நாட்களில் அதிகம் என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் ஒப்புக்கொண்டார். அந்த நாலில் 'த மூவிகோயர்' போன்றவற்றைக் குறுந்தகடாக மறுபடி வெளியிட அவர் கடைசிவரை இசையவில்லை. தான் செய்த தட்டை உலகம் கேட்கக்கூடாது என்று ஒரு பாடகர் பிடிவாதமாக நிற்பது அபூர்வம். அந்த நாலையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் பக்கம் நியாயம் உண்டு.

1975இல் பழைய மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். காசு தேவைப்பட்டது. டாம் ரஷ் எழுதிய 'நோ ரிக்ரெட்ஸ்' பாட்டு ஏழாம் இடம் வரை போனது. அடுத்த தட்டு தேறவில்லை. அவர்கள் ஒப்பந்தம் போட்டிருந்த ஜிடிஓ கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. எப்படியும் மூழ்கப்போகிறோம், விருப்பம்போல ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள் என்கிற நிலை. அதிலிருந்து பிறந்தது 1978இன் 'நைட் ஃப்ளைட்ஸ்'. பத்துப் பாட்டில் ஸ்காட்டுக்கு நாலு. எட்டு வருடம் எழுதாமல் இருந்தவரிடமிருந்து வந்த நாலு.

அதில் 'தி எலெக்ட்ரீஷியன்' பற்றி மட்டும் சொல்கிறேன். லத்தீன் அமெரிக்கச் சித்திரவதைக் கூடங்களும், அங்கே இருந்தவர்களுக்கு அமெரிக்கா சொல்லிக்கொடுத்த தொழிலும் அதன் பின்னணி. மின்சாரம் பாய்ச்சுகிறவனின் பக்கமிருந்தே பாட்டு பேசுகிறது. ஆழத்தில் ஒரு ரீங்காரம். குரல் கிட்டத்தட்ட அசைவில்லாமல் நிற்கிறது. பாதி வழியில் திடீரென்று கதவு திறந்ததுபோல வயலின்கள் பொங்குகின்றன, ஸ்பானியக் கிதார் சேர்ந்துகொள்கிறது. அவர் வாழ்நாளில் பாடிய மிக அழகான இசைத் துணுக்கு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகு யாருடையது? அடிபடுகிறவனுடையது இல்லை. வதைப்பவனுக்குள் எழும் இன்பம் அது. பழைய ஃப்ரான்ஸ் சூத்திரத்தின் அதே வயலின்கள்தான்; இப்போது அவை குற்றவாளியின் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. கேட்டு உருகிய காதுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தட்டை பிரையன் ஈனோ, டேவிட் போவியிடம் எடுத்துக்கொண்டு போனார். போவி அப்போது சுவிட்சர்லாந்தில் பதிவில் இருந்தார். ஸ்காட்டை அறுபதுகளிலிருந்தே கேட்டுவந்தவர். 1993இல் 'நைட் ஃப்ளைட்ஸ்' பாட்டைத் தானே பாடிப் பதிவும் செய்தார். ஈனோவோ, கால் நூற்றாண்டு கழித்து ஒரு ஆவணப்படத்தில் இதே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்பின் நாம் யாரும் இதைத் தாண்டவில்லையே என்று அலுத்துக்கொள்கிறார். ஆனால் 1978இல் தட்டு விற்கவில்லை. குழு முடிந்தது.

அவரைச் சுற்றி ஒரு சிறு பக்தர் கூட்டம் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். 1981இல் லிவர்பூல் பாடகர் ஜூலியன் கோப், அறுபதுகளில் ஸ்காட் எழுதிய பாட்டுகளை மட்டும் பொறுக்கி 'ஃபயர் எஸ்கேப் இன் த ஸ்கை' என்ற தொகுப்பாக வெளியிட்டார். இரவல் பாட்டு ஒன்றும் கிடையாது. பழைய தட்டுகள் கடையில் கிடைக்காத காலம். பங்க் இசைக்குப் பின் வந்த இளைஞர்களுக்கு ஸ்காட் என்பவர் ஒரு எழுத்தாளர் என்று முதலில் சொன்னது அந்தத் தொகுப்புதான்.

வர்ஜின் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. 1984இல் 'க்ளைமேட் ஆஃப் ஹன்டர்' வந்தது. எட்டுப் பாட்டு, அரைமணி நேரம். நாலு பாட்டுக்குத் தலைப்பே கிடையாது; 'ட்ராக் த்ரீ', 'ட்ராக் ஃபைவ்' என்று எண்கள்தான். பதிவின்போது வாத்தியக்காரர்களுக்கு அவர் மெட்டைச் சொல்லவே இல்லை. தெரிந்தால் அவர்கள் அதற்கு வளைந்து கொடுத்து இனிமையாக வாசித்துவிடுவார்கள் என்று பயம். சாக்ஸபோனில் எவான் பார்க்கர், கிதாரில் மார்க் நாஃப்ளர், ஒரு பாட்டில் கூடக் குரல் கொடுக்க பில்லி ஓஷன். மூவரையும் ஒரே தட்டில் வேறு யார் சேர்த்திருக்கிறார்கள்? விற்பனை 60ஆம் இடத்தோடு நின்றது. அடுத்ததாக ஈனோவோடும் டானியல் லான்வாவோடும் தொடங்கிய பதிவு பாதியில் கைவிடப்பட்டது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1995இல் 'டில்ட்'. முதல் பாட்டு இத்தாலிய இயக்குநர் பசோலினியின் நினைவுக்கு. பசோலினி 1975 நவம்பரில் ஓஸ்தியாவில் கொலை செய்யப்பட்டவர். அவர் தன் நடிகர் நினெத்தோ தாவோலிக்காக எழுதிய ஒரு கவிதையிலிருந்து கிளைத்த பாட்டு அது. வயலின்கள் இன்னும் இருக்கின்றன, பெரிய தேவாலய இசைபோல. அதே தட்டில் இன்னொரு பாட்டு, அடால்ஃப் ஐக்மன் வழக்கு விசாரணையின் வாசகங்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ராணி ஒருத்தியின் விசாரணை வாசகங்களையும் கலந்து போடுகிறது. குரலும் மாறிவிட்டது. அடிவயிற்றுப் பாரிடோனை விட்டுவிட்டு, வசதியில்லாத உயரத்தில், இழுத்துப் பிடித்த நரம்பாகப் பாடுகிறார். அந்தக் குரலின் சுகத்துக்காக வந்தவர்கள் எழுந்து போகலாம் என்கிறது அது.

மறுபடி பதினோரு ஆண்டுகள். 2006இல் 'த ட்ரிஃப்ட்'. இந்தத் தட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: பன்றி இறைச்சி. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பெரிய இறைச்சித் துண்டைக் கிடத்தி, அலஸ்டர் மலாய் என்ற தாளக் கலைஞர் அதை வெறும் முஷ்டியால் குத்துகிறார். கண்ணாடிக்கு அப்பால் நின்று ஸ்காட் எப்படிக் குத்த வேண்டும் என்று சொல்கிறார். ஸ்காட்டைப் பற்றிய '30 செஞ்சுரி மேன்' ஆவணப்படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பாட்டைக் கேட்டபின் சிரிப்பு வராது.

அந்தப் பாட்டின் பெயர் 'கிளாரா'. முசோலினியோடு சேர்ந்தே சாகத் துணிந்த அவருடைய காதலி கிளாரா பெத்தாச்சி. 1945 ஏப்ரல் 28இல் இருவரும் சுடப்பட்டார்கள். மறுநாள் மிலான் நகரத்துப் பியாத்ஸாலே லொரேத்தோவில் உடல்கள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டன. கூட்டம் அந்த உடல்களை அடித்தது, உதைத்தது. அந்தச் செய்திப்படத்தைச் சிறுவயதில் சினிமாக் கொட்டகையில் பார்த்துப் பயந்ததாக ஸ்காட் சொல்லியிருக்கிறார். பிணத்தை அடித்தால் என்ன சத்தம் வரும்? டிரம் அந்தச் சத்தத்தைத் தராது. அதனால்தான் இறைச்சி. அதிர்ச்சிக்காகச் செய்த வித்தை என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. எனக்கு அது மிகப் பழமையான முறையாகவே தெரிகிறது. வரி என்ன சொல்கிறதோ அதற்கேற்ற ஓசை. 1969இல் மழைக்கு வயலின் எப்படியோ, இங்கே பிணத்துக்கு இறைச்சி அப்படி. முறை மாறவில்லை. மழைப் பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும், இது பிடிக்காது.

'ட்ரிஃப்ட்'டில் இன்னொன்று: 'ஜெஸ்ஸி'. எல்விஸ் பிரஸ்லியோடு இரட்டையாகக் கருவிலிருந்து, இறந்தே பிறந்த அண்ணன் ஜெஸ்ஸி. எல்விஸ் அந்த அண்ணனோடு இரவில் பேசுகிறார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைச் சொல்கிறார். பின்னால் 'ஜெயில்ஹவுஸ் ராக்' பாட்டின் கிதார் அடி, உயிரில்லாத வேகத்தில். கேட்டவர்கள் மறப்பதில்லை. அதே தட்டில் கழுதை கத்துகிறது, டொனால்ட் டக் குரலில் ஒரு மிரட்டல் வருகிறது. அவர் நகைச்சுவை தெரிந்த மனிதர் என்பதைப் பக்தர்கள்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அவரைத் தனிமைவாசி என்று எழுதுவதும் அதே பக்தியின் விளைவு. லண்டனிலேயே குடியிருந்தார், 1970இலிருந்து பிரிட்டிஷ் குடிமகன். சைக்கிள் ஓட்டினார், சினிமா பார்த்தார். 1995இல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் தனியாகக் கிதாரோடு ஒரு பாட்டுப் பாடினார். 2000இல் மெல்ட்டவுன் விழாவை நடத்திக் கொடுத்தார், மறு ஆண்டு பல்ப் குழுவுக்கு ஒரு தட்டுத் தயாரித்தார். மேடையில் ரசிகர்களுக்கு முன்னால் பாடுவதை மட்டும் எழுபதுகளோடு விட்டிருந்தார். 2008இல் பார்பிகனில் அவர் பாட்டுகளை மற்றவர்கள் பாடினார்கள். அவர் அரங்கின் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

2012இன் 'பிஷ் பாஷ்' அரிவாள் தீட்டும் ஓசையோடும், அட்டிலாவின் அரசவைக் கோமாளியைப் பற்றிய 21 நிமிடப் பாட்டோடும், 1989 கிறிஸ்துமஸ் அன்று சுட்டுக்கொல்லப்பட்ட ருமேனிய சர்வாதிகாரி சௌஷெஸ்குவுக்காகக் கடைசியில் 'ஜிங்கிள் பெல்ஸ்' மணியோடும் வந்தது. அதை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க எனக்குத் தெம்பு போதவில்லை. நல்ல தட்டா என்றால் ஆம். மறுபடி போடுவேனா என்றால் தெரியாது. 2014இல் சன் என்ற அமெரிக்கப் பேரிரைச்சல் கிதார்க் குழுவோடு செய்த 'சௌஸ்ட்' அதைவிடச் சுலபமாக உள்ளே விடுகிறது. இயக்குநர் பிரேடி கார்பெட்டின் இரண்டு படங்களுக்கு இசை அமைத்தார். 2019 மார்ச் 22இல், 76 வயதில், லண்டனில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசியின் ப்ராம்ஸ் விழா, 1967 முதல் 1970 வரையான அவர் பாட்டுகளுக்கு முழு மாலையை ஒதுக்கியது. ஜார்விஸ் காக்கரும் ரிச்சர்ட் ஹாலியும் ஜான் கிராண்டும் சூசன்னா சுந்த்ஃபொரும் பாடினார்கள். விற்காமல் போன நாலாவது தட்டிலிருந்தும் பாட்டுகள் இருந்தன. இந்தத் தடவை அரங்கு நிறைந்திருந்தது.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டு எழுதுகிறார்கள். 'ஸ்காட் 3'இன் முதல் பாட்டு, அதன்பின் 'தி எலெக்ட்ரீஷியன்', அதன்பின் பசோலினிப் பாட்டு. இந்த மூன்றையும் ஒரே வரிசையில் கேளுங்கள். மூன்றும் ஒரே ஆள் எழுதியவை என்று காதுக்குத் தெரிந்தபிறகு 'கிளாரா'வுக்குப் போகலாம். அதைப் பகலில் கேட்பது உத்தமம்.

(அடுத்த வாரம்: மாடி ஜன்னலிலிருந்து விழுந்தபின் சக்கர நாற்காலியிலிருந்து பாடத் தொடங்கிய டிரம்மர் ராபர்ட் வயட்)